விழுப்புரம் சின்னையா கணேசனும் 'ஓவர் ஆக்டிங்'கும்

எங்க ஊர்ப் பக்கம் 'சிவாஜி'ன்னா ரெண்டு பேர். ஒருத்தர், 1677ல் செஞ்சிக் கோட்டையை பீஜப்பூர்க்காரங்ககிட்டேருந்து பிடித்த மராட்டிய ராஜா. இன்னொருத்தர், இங்கேயிருந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்தில் போய்விடக்கூடிய விழுப்புரத்தில் 1928 அக்டோபர் 1 அன்று பிறந்த சின்னையா மகன் கணேசன். வி.சி.கணேசன் என்பதில் இருக்கும் 'வி' விழுப்புரம்தான்.

2025 ஜூலையில் மராட்டியர்களின் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் 11 மகாராஷ்டிராவில் இருக்கு, மிச்சம் ஒண்ணு எங்களோடது. ஊர் வாட்ஸப் குரூப்பில் ஒரு வாரத்துக்கு சத்ரபதி படமா வந்து குவிஞ்சுது. நடுவில் ஒரு புண்ணியவான், தெரிஞ்சு செஞ்சாரோ தெரியாம செஞ்சாரோ, 'ராமன் எத்தனை ராமனடி' (1970) படத்தில் நம்ம நடிகர் திலகம் சத்ரபதி வேஷத்தில் நிற்கும் ஸ்டில்லைப் போட்டுவிட்டார். ஒருத்தரும் கண்டுக்கலை. வரிசையா கும்பிடு பொம்மை போட்டிருந்தாங்க.

அதிலும் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. 1940களின் நடுவில் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் சத்ரபதி வேஷம் முதலில் எம்.ஜி.ஆருக்குப் போக இருந்தது. அவர் விலகிக்கொள்ள, கணேசன் கட்டினார். பார்த்துவிட்டு 'சிவாஜி' கணேசன் என்று பெரியார் கூப்பிட, அது அப்படியே ஒட்டிக்கொண்டது. அந்த எம்.ஜி.ஆர் பிறகு 1960ல் 'ராஜா தேசிங்கு' படத்தில் எங்க தேசிங்கு ராஜாவாக நடித்தார். கோட்டையைப் பிடிச்சவர் வேஷம் ஒருத்தருக்கு ஆயுசுக்கும் பேராச்சு, கோட்டைக்காகச் செத்தவர் வேஷம் இன்னொருத்தருக்குப் படமாச்சு. செஞ்சிக்காரனுக்கு இதுக்கு மேல என்ன பெருமை வேணும் சொல்லுங்க.

சரி, மேட்டருக்கு வருவோம்.

நான் சென்னையில் ஆணி புடுங்குறவன். (வீட்டில் கேட்டால் சாஃப்ட்வேர் இன்ஜினியர்.) ஒரு நாள் மதியம் சாப்பாட்டு மேஜையில் டீம் பையன் ஒருத்தன் மொபைலை நீட்டினான். சிவாஜி அழும் காட்சி. பத்து செகண்ட் வெட்டி, பின்னாடி ஏதோ காமெடி மியூசிக் போட்டிருந்தாங்க. "எப்படி மச்சி இதையெல்லாம் நம்ம தாத்தா பாட்டி காசு குடுத்துப் பாத்தாங்க? சரியான ஓவர் ஆக்டிங்!" மேஜையே சிரிச்சுது.

அதே பையனோட லேப்டாப்பில் 'பைரேட்ஸ் ஆஃப் த கரீபியன்' ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதில் வரும் கேப்டன் பார்போஸா அவனுக்கு உசுரு. கண்ணை உருட்டி, உதட்டைக் கோணி, ஒவ்வொரு வார்த்தையையும் கடிச்சுத் துப்புவாரே, அந்த ஆள். ஜெஃப்ரி ரஷ், ஆஸ்திரேலியாக்காரர். "அவர் பண்றது என்னடா?"ன்னு கேட்டேன். "அது ஸ்டைல் மச்சி"ன்னான்.

இந்த ஜெஃப்ரி ரஷ் கதை சுவாரசியமானது. 1971லிருந்து பிரிஸ்பேன் நகரத்தில் குவீன்ஸ்லாந்து தியேட்டர் கம்பெனியில் மேடை நாடகம் போட்டவர். 1970களின் நடுவில் பாரிஸ் போய் ஜாக் லெகாக் என்பவரின் பள்ளியில் படித்தார். அங்கே முதல் பாடமே உடம்புதான். முகமூடி, கோமாளி வேஷம், பேசாமல் சொல்வது எல்லாம் அங்கே பாடத்திட்டம். சினிமாவில் சின்னச் சின்ன வேஷம் வந்ததே தவிர, 'ஷைன்' (1996) வரும்வரை உலகத்துக்கு அவரைத் தெரியாது. அப்போ வயசு நாற்பத்தஞ்சு. ஆஸ்கர் வாங்கினார். வாங்கினபிறகும் மேடையை விடலை. 2009ல் அமெரிக்காவில் பிராட்வே மேடையில் 'எக்ஸிட் த கிங்' நாடகத்துக்கு டோனி விருது வாங்கினார். அங்கே 'மேடையிலேர்ந்து வந்தவர்' என்றால் அது டிகிரி மாதிரி. இங்கே 'டிராமா மாதிரி நடிக்கிறான்' என்றால் திட்டு.

இந்த ரெட்டைத் தராசுதான் எனக்குப் புரியலை. கொஞ்ச நாள் யோசிச்சதில் எனக்குப் பட்டது இது: சிவாஜியோட நடிப்புக்கு ஒரு தூரம் உண்டு. பார்க்கிறவன் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கான் என்று கணக்குப் போட்டு, அதுக்குத் தகுந்த அளவில் செஞ்ச வேலை அது. ரோட்டோரம் நாற்பதடி உயரத்துக்கு வைக்கிற பேனர் டிசைனை அரையடி தூரத்திலேர்ந்து பாத்துட்டு "என்ன சார், எழுத்து இவ்ளோ பெருசா இருக்கு"ன்னு கேட்டா எப்படி?

அந்தத் தூரத்தை அவர் எங்கே கத்துக்கிட்டார்? அப்பா சின்னையா ரயில்வே வேலையில் இருந்தவர், சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனவர். குடும்பம் திருச்சிக்கு மாறியது. சின்னப் பையனா இருந்தப்போ கட்டபொம்மன் கூத்து பார்த்துத்தான் நடிக்கும் ஆசையே வந்தது என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். அப்புறம் 'நான் அநாதை'ன்னு பொய் சொல்லி யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதல் வேஷம் சீதை. மைக்கை நம்பி நடிக்கிற காலமில்லை அது. கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்து, மடியில் பிள்ளையைத் தூங்க வச்சிருக்கும் பொம்பளைக்கும் சீதையின் அழுகை போய்ச் சேரணும். வசனம் மூச்சு முட்டாமல் முடியணும், வார்த்தையின் கடைசி எழுத்து வரைக்கும் கேட்கணும், கண்ணீர் தெரியாத தூரத்துக்குத் தோள் குலுங்கணும். இதையெல்லாம் பிரம்படி வாங்கிக் கத்துக்கொண்டவங்க அந்தத் தலைமுறை. எம்.ஆர்.ராதாவும் காக்கா ராதாகிருஷ்ணனும் அதே கம்பெனி வாழ்க்கையிலிருந்து வந்தவங்கதான்.

இந்தப் பாடம் எனக்குப் புத்தகத்தில் கிடைக்கலை. எங்க ஊர்ப் பக்கம் வெயில் காலத்தில் ராத்திரி கண் முழிச்சாலே கிடைக்கும். திரௌபதி மறுபடி அவதாரம் எடுத்ததே செஞ்சியில்தான் என்பது எங்க நம்பிக்கை. கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற மேலச்சேரி திரௌபதி அம்மன் கோயில்தான் ஆதி என்பார்கள். ஆல்ஃப் ஹில்டெபீட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இதையெல்லாம் ஊர் ஊராகச் சுற்றிக் கேட்டு 1988ல் பெரிய புத்தகமே போட்டார், தலைப்பிலேயே செஞ்சி பெயர் இருக்கும். கோயில் திருவிழாவில் பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி முழுக்கக் கூத்து நடக்கும். கடைசி நாள் படுகளம். துரியோதனனுக்கு மண்ணிலேயே படுத்த கோலத்தில் உருவம் செஞ்சிருப்பாங்க, பனைமரம் சாய்ஞ்சு கிடக்கிற நீளத்துக்கு. பட்டப்பகலில், சுத்துப்பட்டு சனமெல்லாம் நிற்க, அந்த உருவத்து மேலே துரியோதன வேஷக்காரர் ஏறி நிற்பார். தொடை பிளக்கணும், திரௌபதி கூந்தல் முடிக்கணும். அந்த இடத்தில் ஒருத்தர் வந்து முணுமுணுன்னு 'யதார்த்தமா' நடிச்சார்னு வைங்க. கல்லெடுத்து அடிக்க மாட்டாங்க, பாவம், என்ன ஆச்சோ ஏதோன்னு தண்ணி குடுப்பாங்க.

கூத்தில் பெரிய வேஷக்காரர்கள் 'கட்டை' கட்டி ஆடுவார்கள். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கின கிரீடம், புஜகீர்த்தி, மார்ப்பதக்கம், அது மேலெல்லாம் கண்ணாடிச் சில்லு ஒட்டியிருக்கும். சின்ன வயசில் அது அழகுக்குன்னு நினைச்சிட்டிருந்தேன். எங்க பக்கத்துக் கிராமத்துக் கூத்து வாத்தியார் ஒருத்தர்தான் சொன்னார், "தம்பி, அது வெளிச்சத்தை வாங்கி கடேசி ஆளுக்கு அனுப்பறதுக்கு. தீப்பந்தம் காலத்துல அது இல்லன்னா ராசா எங்க நிக்கிறான்னே தெரியாது." அவரிடமே சிவாஜியைப் பற்றிக் கேட்டேன். அவரோட வாத்தியார், டூரிங் டாக்கீஸில் 'கர்ணன்' வந்தப்போ பசங்களையெல்லாம் மாட்டு வண்டி கட்டிக் கூட்டிட்டுப் போனாராம். படம் முடிஞ்சு வரும்போது எதைப் பத்தியும் பேசலையாம், ஒண்ணே ஒண்ணு கேட்டாராம்: "நடந்தானே, பாத்தீங்களாடா?"

'கர்ணன்' 1964ல் பி.ஆர்.பந்துலு எடுத்தது. 2012 மார்ச்சில் அதை டிஜிட்டலில் புதுப்பித்து மறுபடி ரிலீஸ் பண்ணாங்க, நூறு நாள் தாண்டி ஓடியது. நான் அப்போ ஸ்கூல் பையன். அப்பா கூட்டிட்டுப் போனார். வேண்டா வெறுப்பாத்தான் போனேன், எனக்குப் பின் வரிசை சீட்டு. கடைசியில் கர்ணன் தேர்ச்சக்கரத்தில் சாய்ந்து கிடக்கும் இடம். அம்பு தைச்ச உடம்பு, புண்ணியத்தையெல்லாம் தாரை வார்த்துக் கொடுக்கும் கை. அந்தக் கை நடுங்கினது மட்டும் எனக்கு ஞாபகம் இருக்கு. அத்தனை பெரிய திரையில் அத்தனை பேருக்கு நடுவில் அது ஒரு துளிகூட அதிகமாத் தெரியலை. தியேட்டரில் விசில் அடிச்சிட்டிருந்தவங்க கம்முனு ஆயிட்டாங்க.

அதே காட்சியைப் போன மாசம் மெட்ரோ ரயிலில் நின்னுக்கிட்டு மொபைலில் பார்த்தேன். எனக்கே ஒரு மாதிரி நெளிஞ்சுது. காட்சி மாறலை, கை மாறலை, தூரம் மட்டும்தான் மாறியிருந்தது. தியேட்டரில் பார்க்காம இருந்திருந்தா நானும் அந்த மேஜையில் சேர்ந்து சிரிச்சிருப்பேன்.

"சரிப்பா, மேடைப் பழக்கம், அது அவருக்குப் போகலை, அவ்வளவுதானே" என்று ஒரு கட்சி உண்டு. கொஞ்சம் அனுதாபத்தோடு சொல்வாங்க. இதைத்தான் நான் சுத்தமா ஒத்துக்க மாட்டேன். பழக்கம் என்றால் அதை மாத்த முடியாம இருந்திருக்கணும். இவர் நினைச்சப்பெல்லாம் மாத்தினார்.

'பராசக்தி' வந்தது 1952 தீபாவளிக்கு. அதுக்கே பெரிய போராட்டம். ஏவி.எம். செட்டியாருக்குப் புதுப் பையன் மேல் நம்பிக்கை இல்லை, தயாரிப்பாளர் பி.ஏ.பெருமாள்தான் இந்தப் பையன்தான் வேணும்னு ஒத்தைக்காலில் நின்னார். அந்தப் படத்தின் கோர்ட் சீன் தமிழ்நாட்டுக்கே மனப்பாடம். அதில் குணசேகரன் நீதிபதியைப் பார்த்தா பேசறான்? கொட்டகையைப் பார்த்துப் பேசறான். கூத்தில் வேஷக்காரர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, கட்டியங்காரன் கேட்க, தான் யார், தன் கதை என்னன்னு சபைக்குச் சொல்லுவாரே, அந்த முறை. கலைஞரின் வசனமும் அதுக்காகவே எழுதப்பட்டது.

ரெண்டே வருஷம் கழிச்சு, 1954ல் 'அந்த நாள்'. எஸ்.பாலசந்தர் டைரக்ஷன். பாட்டே கிடையாது. சிவாஜி அதில் ராஜன் என்ற ரேடியோ இன்ஜினியர். (நம்ம ஆளு!) படம் தொடங்கும்போதே சுட்டுக் கொல்லப்படுகிறான். அவனை யார் கொன்னாங்கன்னு ஆளுக்கு ஒரு கதை சொல்றாங்க. அவன் கண்டுபிடிச்சதை இந்த நாடு மதிக்கலைங்கற கோபம் மெதுவா புளிச்சு, ஜப்பான்காரனுக்கு உளவு சொல்ற வரைக்கும் போகுது. அந்தக் கோபத்தை அவர் எங்கேயும் கத்தலை. சிகரெட், கண்ணாடி, ஒரு அரைச் சிரிப்பு. பண்டரிபாய் எதிரில் நின்னு கேள்வி கேட்கும்போது பக்கத்து ரூமுக்குக் கேட்காத குரலில் பதில் சொல்றார். கேமரா பக்கத்தில் வந்தா எவ்வளவு போதும் என்று தெரிஞ்ச ஆள்தான் அவர். அதே 1954ல் 'மனோகரா'வும் வந்தது, சங்கிலியோடு கர்ஜிக்கிற மனோகரன். அதே வருஷம் 'தூக்குத் தூக்கி', கூத்து மேடையிலிருந்து எழுந்து வந்த கதை. ஒரே காலண்டரில் மூணு படம், மூணு தூரம்!

இன்னொண்ணு, நம்மாளுங்க அதிகம் பேசாதது. சினிமாவில் உச்சத்தில் இருந்தப்பவும் அவர் நாடகம் போட்டுக்கிட்டே இருந்தார். சிவாஜி நாடக மன்றம்னு சொந்தக் குழு. சக்தி கிருஷ்ணசாமி எழுதின 'வீரபாண்டிய கட்டபொம்மன்' முதலில் 1957ல் நாடகமாத்தான் வந்தது. நூறு தடவைக்கு மேல் மேடை ஏறிய பிறகுதான் 1959ல் சினிமா. 1960ல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் பரிசு வாங்கிக் கொடுத்தது அதுதான். ஜாக்சன் துரையோடு நடக்கிற அந்த வாக்குவாதத்தை இன்னிக்குப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பிள்ளைங்க அட்டைக் கத்தி வச்சுப் பண்ணுதுங்க, பாத்திருப்பீங்க. நூறு மேடையில் நூறு விதமான சனத்துக்கு முன்னாடி நிறுத்தி, எந்த வார்த்தைக்குக் கை தட்டறான், எங்கே இருமறான்னு பார்த்துப் பார்த்துத் தேய்ச்சு எடுத்த காட்சி அது. எங்க பாஷையில் சொன்னா, லைவ்வில் நூறு தடவை டெஸ்ட் பண்ணி அப்புறம் ரிலீஸ் பண்ண சாஃப்ட்வேர். நாங்க ஒரு தடவை டெஸ்ட் பண்றதுக்கே அழறோம்.

'வியட்நாம் வீடு' (1970) அதே மாதிரி மன்றத்தின் நாடகமா இருந்து படமானது. பிரஸ்டீஜ் பத்மநாபன் ரிடையர் ஆகி வீட்டுக்கு வர்ற நாளைப் பாருங்க. வீர வசனம் கிடையாது, கத்தி கிடையாது, ஆபீஸ் போய் வந்த ஒரு மனுஷன், அவ்வளவுதான். ஆனாலும் அந்த ஆளோட நடையில் மாலை மரியாதை கலைஞ்சு போறது தெரியும். 'கர்ணன்' பார்த்துவிட்டுக் கூத்து வாத்தியாரின் வாத்தியார் கேட்ட கேள்வி இதுக்கும் பொருந்தும்.

அப்புறம் 'தங்கப்பதக்கம்' (1974). இதுவும் முதலில் நாடகம்தான். எழுதினவர் மகேந்திரன். ஆமாங்க, 'முள்ளும் மலரும்' (1978), 'உதிரிப்பூக்கள்' (1979) எடுத்த அதே மகேந்திரன். தமிழ் சினிமாவை வாயை மூடிக்கிட்டு யோசிக்க வச்ச ஆள், சிவாஜி மேடையில் நிற்கிறதுக்காக வசனம் எழுதிக் கொடுத்தவர். 'பழைய மேடை நடிப்பு ஒரு பக்கம், புது யதார்த்த சினிமா ஒரு பக்கம், நடுவில் சுவர்' என்று நாம நினைச்சிட்டிருக்கோமே, அந்தச் சுவரெல்லாம் நாமளா பிறகு கட்டிக்கிட்டது.

இதுக்காக அவர் செஞ்சதெல்லாம் சரின்னு நான் கொடி பிடிக்க வரலை. 'உதிரிப்பூக்கள்' வந்த அதே 1979ல் அவரோட 200வது படம் 'திரிசூலம்' வந்தது. மூணு வேஷம், பிரம்மாண்ட வெற்றி. என்னால் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்க முடியலை. எழுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகளின் நடுப்பகுதி வரைக்கும் வந்த பல படங்கள் எனக்கு அப்படித்தான். ஜூம் லென்ஸ் வந்து மூக்கு நுனி வரைக்கும் நெருங்குது, கலர் வந்தாச்சு, பார்க்கிற சனம் மாறியாச்சு, இவரை வச்சுப் படம் எடுத்தவங்க மட்டும் பழைய தூரத்திலேயே நிக்கச் சொல்லிட்டு, கேமராவை மட்டும் கிட்டே கொண்டுவந்தாங்க. ரசிகனும் அதைத்தான் கேட்டான். அவரும் முடியாதுன்னு சொல்லலை. சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். இன்னிக்கு மீம் போடறவங்களுக்குக் கிடைக்கிற சரக்கு முக்கால்வாசி இந்தக் காலத்துப் படங்கள்தான்.

ஆனா 1985ல் பாரதிராஜா 'முதல் மரியாதை'க்குக் கூப்பிட்டாரே. அதில் மலைச்சாமி இளவட்டக்கல்லைத் தூக்கிப் பாக்கிற இடம். வயசான மனுஷன், யாரும் பாக்கலைன்னு நினைச்சுக்கிட்டு, ஒரு பொண்ணு விளையாட்டாச் சொன்ன வார்த்தைக்காகத் தனியாக் கல்லோட மல்லுக்கட்டறான். முகத்தில் வெட்கம், ஆசை, மூச்சு வாங்கல் எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்து போகுது. இருபத்தஞ்சு வருஷம் சினிமாவில் ராஜாவா நின்ன முதுகு, அந்த இடத்தில் ஒரு கிராமத்துக் கிழவனோட முதுகா இருக்கும். பலர் இதைச் சொல்லும்போது 'பாரதிராஜா சிவாஜியை நடிக்காம இருக்க வச்சார்'னு சொல்வாங்க. அடப்போங்கப்பா. அதுவும் நடிப்புதான், முப்பது வருஷம் முன்னாடி 'அந்த நாளி'ல் செஞ்ச அதே கிட்ட தூரத்து நடிப்பு. 1992ல் 'தேவர் மகனி'ல் மறுபடி பார்த்தோம். இத்தனைக்கும் தேசிய விருதில் சிறந்த நடிகர் பட்டம் அவருக்குக் கடைசி வரைக்கும் கிடைக்கலை. பிரெஞ்சு அரசாங்கம் 1995ல் செவாலியே குடுத்தது, தாதா சாகேப் பால்கே 1996ல் வந்தது. 2001 ஜூலை 21ல் போய்ச் சேர்ந்தார்.

ஒரு செத்துப்போன பெரிய நடிகரை நாலு பையனுங்க மேஜையில் கிண்டல் பண்ணினா அவருக்கு என்ன குறைஞ்சிடப்போவுதுன்னு நீங்க கேக்கலாம். அவருக்கு ஒண்ணும் குறையாது. 280 படத்துக்கு மேல் இருக்கு, சென்னை அடையாறில் மணிமண்டபம் இருக்கு. என் கவலை உயிரோட இருக்கிறவங்களைப் பத்தி.

நான் சொன்ன கூத்து வாத்தியாரின் ஊரில் ரெண்டு வருஷம் முன்னாடி திருவிழாவில் கூத்து நாளைக் குறைச்சாங்க. மிச்ச ராத்திரிக்கு ஆர்கெஸ்ட்ரா. கமிட்டியில் இருந்தவங்க கெட்டவங்க இல்லை, என் வயசுக்காரங்கதான், டிகிரி படிச்சவங்க, வெளியூரில் வேலை செஞ்சு நன்கொடை அனுப்பறவங்க. "ராத்திரி பூரா கத்திக்கிட்டே இருக்காங்க, ஓவர் ஆக்டிங், இதை யாரு பாக்கறது" என்றுதான் காரணம் சொன்னாங்க. அதே வார்த்தை! மொபைல் திரைக்காக நாம கண்டுபிடிச்ச ஒரு வார்த்தை, வயக்காட்டில் நிக்கிற துரியோதனனைத் தள்ளிவிடற வரைக்கும் வந்திருக்கு. கம்மியான நாளுக்குக் கம்மியான கூலி. வாத்தியாரின் பையன் கட்டையைப் பரணில் போட்டுட்டு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போயிட்டான். வாத்தியார் இதைச் சொல்லும்போது கோபப்படலை. "அவனும் சாப்பிடணும் இல்ல தம்பி" என்றார்.

இதில் பெரிய காமெடி ஒண்ணு இருக்கு. என் வயசுக்காரங்க 'நேச்சுரல் ஆக்டிங்'னு கொண்டாடற பசுபதி, குரு சோமசுந்தரம் ரெண்டு பேரும் கூத்துப்பட்டறையில் நடிப்புப் பழகினவங்க. நம்ம விஜய் சேதுபதி அங்கே கணக்கு எழுதற வேலைக்குப் போய், நடிக்கிறவங்களைப் பாத்துப் பாத்து வந்தவர். அந்தப் பட்டறையை 1977ல் தொடங்கின ந.முத்துசாமி எங்கே போய்க் கத்துக்கிட்டார்? செய்யாறு பக்கம் புரிசை கிராமத்துக்கு. கண்ணப்பத் தம்பிரானோட தெருக்கூத்தைப் பார்த்து, இதுதான் நம்ம தியேட்டர்னு முடிவு பண்ணினார். புரிசை எங்க ஊரிலேர்ந்து ஒண்ணும் ரொம்ப தூரமில்லை. ராத்திரி முழுக்கக் கத்தி ஆடத் தெரிஞ்ச உடம்புக்குத்தான், கேமரா முன்னாடி சும்மா நிக்கறதுக்கும் தெம்பு இருக்கும் போல. பெருசா வைக்கத் தெரிஞ்சவன் சின்னதா வைக்கலாம். முதல்லேருந்தே சின்னதா மட்டுமே பழகினவன் படுகளத்தில் என்ன பண்ணுவான்?

அந்த டீம் பையன்கிட்ட இதையெல்லாம் சொன்னேன். பாதி கேட்டான். "சரி மச்சி, எதுலேருந்து ஆரம்பிக்கறது?"ன்னான். அதுவே பெரிய விஷயம்தான். 'அந்த நாள்' முதலில் பார், அப்புறம் 'முதல் மரியாதை', 'கர்ணனை'த் திரையில் போட்டா மட்டும் பார், மொபைலில் தொடாதேன்னு சொல்லியிருக்கேன்.

உங்களுக்கும் ஒண்ணு. 1964ல் வந்த 'நவராத்திரி', அவரோட நூறாவது படம், ஒன்பது வேஷம். எடுத்தவர் ஏ.பி.நாகராஜன், அவரும் நாடகக் கம்பெனியில் வளர்ந்த ஆள்தான். அதில் ஒரு வேஷம் தெருக்கூத்துக்காரர். சத்தியவான் சாவித்திரி கூத்து, எதிரில் சாவித்திரி. யூடியூபில் கிடைக்குது. டிவியில் போட்டுட்டு, சோபாவைப் பின்னாடி தள்ளி, செவுத்துல சாஞ்சு தரையில் உக்காந்து பாருங்க. முடிஞ்சா வீட்டுப் பெரியவங்க யாரையாவது பக்கத்தில் உக்கார வைங்க, எங்க சிரிக்கறாங்கன்னு கவனிங்க.